கூட்டத்துக்கு நேர்ல வாரேனுங்க

நான் அந்தக் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, ஆபீசு டீ மெஷின் பீஸ் பீஸா மேஜை மேல கெடந்துச்சு. சுத்தி நின்னவங்க காலிக் கப்பைக் கையில வெச்சுக்கிட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க. நடுவுல ஒரு அக்கா, கண்ணாடியைத் தலைமேல ஏத்தி விட்டுக்கிட்டு, ஸ்க்ரூ டிரைவரோட குனிஞ்சு உள்ள பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"ரிப்பேருங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க அம்மணி, நல்லாத்தான் ஓடுச்சு. உள்ள எப்படி இருக்குதுன்னு பார்க்காம தினம் எப்படீங்க வாங்கிக் குடிக்கறது?"

நல்லா ஓடுன மெஷினைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு பொம்பளை இப்படிப் பேசுனா என்ன பண்றது? எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, டீ இல்லாம தலைவலியும் வந்துச்சு. பொழுதோட அவங்களே மாட்டிக் குடுத்துட்டாங்க. உள்ள இருந்து அவங்க எடுத்த அழுக்கைப் பார்த்ததுக்கு அப்புறம் நான் அந்த டீயைத் தொடவே இல்ல, அது வேற கதை.

அவங்க பேரை நான் சொல்லப் போறதில்ல. சொன்னா, "என்னைக் கேட்டீங்களா?"ன்னு சண்டைக்கு வருவாங்க. அக்கான்னே சொல்றேன்.

எதையும் தொறந்து பார்க்காம ஒத்துக்காத ஆளு. கல்யாண வீட்டுல தாம்பூலப் பை குடுத்தா அங்கயே நின்னு பிரிப்பாங்க. கொரியர்காரர் வெயில்ல காத்துக்கிட்டு நிப்பாரு, இவங்க ரசீதுல இருக்கற பொடி எழுத்தை முழுக்கப் படிச்சுப்போட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. ஒருக்கா எங்க ஊட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. நான் ஆசை ஆசையா வாங்குன புது மிக்ஸி, வாங்கி ஒரு வாரம் ஆகல. நான் உள்ள ரசம் தாளிச்சுட்டு வெளிய வர்றதுக்குள்ள அதைக் கவுத்துப் போட்டு அடியைக் கழட்டிட்டாங்க. வாரண்டி ஸ்டிக்கர் ரெண்டா கிழிஞ்சு கெடக்குது!

"ஏனுங்க்கா, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா?"ன்னு கத்திப்போட்டேன்.

அவங்க அசையவே இல்ல. "காசு குடுத்து வாங்கினது நீங்க. உங்க சாமானை நீங்க தொறக்கக் கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்ட அவங்க யாருங்க?"ன்னாங்க. நான் ரெண்டு நாள் பேசல. மூணாவது நாளு அவங்களே பேசுனாங்க, மிக்ஸியைப் பத்தித்தான்.

எங்க கம்பெனி சரவணம்பட்டியில ஒரு மாடிக் கட்டடத்துல இருந்துச்சு. தோட்டத்து மோட்டாருக்கு மாட்டற போன் ஸ்டார்ட்டர் செய்வோம். வெவசாயி ஊட்டுல இருந்துக்கிட்டே போன் அடிச்சா கெணத்து மோட்டார் ஓடும், இன்னொருக்கா அடிச்சா நிக்கும். கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாத நம்ம பக்கத்துல அந்தப் பொட்டி ஒரு வரம். அதுக்குள்ள ஓடற சாஃப்ட்வேரை எழுதுனது அக்கா. பொட்டி ஓடலைன்னா வர்ற திட்டை வாங்கறது நான். சர்வீஸ் போன் என் மேஜை மேலதான் இருந்துச்சு.

"இம்புட்டையும் நீங்க ஒருத்தரே எழுதுனீங்களாக்கா?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"ஐயோ, இல்லீங்க. முக்கால்வாசி எங்கெங்கயோ இருக்கறவங்க எழுதி, யாரு வேணாலும் எடுத்துக்கங்கன்னு போட்டு வெச்சது. எடுக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம். காசு கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. வித்த பொட்டி யாரு கையில இருக்குதோ, அவங்க கேட்டா உள்ள எழுதியிருக்கறதை அப்படியே குடுத்துரணும். நாம மாத்துனதையும் சேர்த்து."

"கேட்டாத்தானே?"

"ஆமாங்க. கேக்கறதுக்கு ஆளு வேணும்"னு சொல்லிப்போட்டு தயிர்ச் சோத்தைப் பெசைஞ்சாங்க.

முதலாளி அவங்களுக்கு மாமா முறை, தூரத்துச் சொந்தம். நல்ல மனுசன். கம்பெனி ஆரம்பிக்கறப்ப சொந்தக்காரங்க எல்லாம் ஒட்டுக்காச் சேர்ந்து பணம் போட்டாங்க. அக்காவுக்கு அந்த நாள்ல முழுச் சம்பளம் குடுக்க முடியாம, கொஞ்சம் பங்கு குடுத்தாரு. மத்தவங்க பங்கையெல்லாம் யாரு பேர்ல எழுதுனாருங்கறீங்க? சொந்தக்காரங்க ஊட்டுப் பொம்பளைங்க பேர்ல! பொம்பளைங்க பேர்ல போட்டா லட்சுமி வரும்னு அவருக்கு நம்பிக்கை. அவங்க எதையும் கேக்க வர மாட்டாங்கங்கறதும் ஒரு நம்பிக்கைதான், அதை அவரு வெளிய சொல்லல.

கம்பெனின்னு இருந்தா வருசத்துக்கு ஒருக்காப் பங்குதாரங்க கூட்டம் நடத்தணும். எங்க கூட்டம் எப்படி நடக்கும் தெரியுங்களா? புரட்டாசி பொறந்தா ஆபீசுல மைசூர்பாகுப் பொட்டி வந்து எறங்கும். நான் அதை ஸ்கூட்டர்ல வெச்சு, கூட ஒரு வருகைத் தாளையும் எடுத்துக்கிட்டு, அவிநாசி, பெருந்துறை, சென்னிமலைன்னு ஊடு ஊடாப் போவேன். ஸ்வீட்டைக் குடுப்பேன், "இங்க ஒரு கையெழுத்துங்க"ம்பேன். அவங்க ஈரக் கையை முந்தானையில தொடைச்சுக்கிட்டு போடுவாங்க. கூட்டம் முடிஞ்சுது. எல்லாரும் வந்தாங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு ஆயிரும். நம்ம பக்கத்துல பாதிக் குடும்பக் கம்பெனி இப்படித்தான், யாரும் இதைத் தப்புன்னு நினைக்கறதில்ல.

முதல் வருசம் அக்கா மேஜைக்கும் கொண்டு போனேன். பொட்டியைத் தொறந்தாங்க. ஒரு துண்டு எடுத்து எனக்குக் குடுத்தாங்க, ஒண்ணை அவங்க வாயில போட்டுக்கிட்டாங்க. தாளைப் படிச்சாங்க.

"கூட்டம் எப்பங்க?"

"இதாங்க்கா கூட்டம்."

"நோட்டீசுல வெள்ளிக்கிழமை பதினோரு மணின்னு போட்டிருக்குதே. நேர்ல வாரேனுங்க"ன்னு சொல்லித் தாளை என் பக்கமே தள்ளி விட்டுட்டாங்க.

வெள்ளிக்கிழமை வந்து மீட்டிங் ரூம்ல தனியா உக்காந்தாங்க. முதலாளி கதவைத் தொறந்து பார்த்துச் சிரிச்சாரு. "என்ன கண்ணு, நம்ம குடும்பத்துக்குள்ள என்ன கூட்டம்?"

"ரெண்டு பேரு இருந்தாப் போதுங்க மாமா, சட்டப்படி கூட்டந்தான். உக்காருங்க."

உக்காந்தாரே மனுசன்! வரவு செலவு, கடன், ஆடிட்டர் எதுக்கு அப்படி எழுதினாருன்னு இவங்க ஒண்ணொண்ணா கேக்க, அவரு ஒண்ணொண்ணா பதில் சொல்ல, மதியச் சாப்பாடே தள்ளிப் போச்சு. வெளிய வந்தப்ப வேர்த்துப் போயிருந்தாரு. "இந்தப் புள்ளை என்னை மெட்ரிக் பரீட்சை எழுத வெச்சுருச்சு அம்மணி"ன்னாரு. கோவம் இல்ல, கொஞ்சம் பெருமைகூட. ஒவ்வொரு புரட்டாசிக்கும் ரெண்டு பேரும் இப்படி உக்காருவாங்க.

அப்புறந்தான் அந்த வெளியூர்க் கம்பெனி வந்துச்சு.

எங்களுக்கு முதலு பத்தலை. அவங்க பெரிய தொகை போடறதாச் சொன்னாங்க, பதிலுக்குப் புதுப் பங்கு வேணும்னாங்க. கூடவே ரெண்டு நிபந்தனை. பொட்டிக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர் கோடு யாருக்கும் போகக் கூடாது. பழைய பொட்டி ரிப்பேருக்கு வந்தா செய்யக் கூடாது, புதுசு வாங்கச் சொல்லிரணும்.

பணம் வர்றதுக்கு முன்னாடியே நான் போன்ல அதைத்தான் சொன்னேன். சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அவிநாசிப் பக்கத்துல இருந்து மெக்கானிக்குங்க கூப்புடுவாங்க. "அம்மணி, பொட்டி நல்லாத்தான் இருக்குது, சாஃப்ட்வேர் மட்டும் திரும்ப ஏத்துனாப் போதும். கோடு குடுங்க, நாங்களே பார்த்துக்கறோம்." இல்லைம்பேன். வெவசாயிங்க கூப்புடுவாங்க. "வாழை காயுதுங்க"ம்பாங்க. அதுக்கும் இல்லைம்பேன். போனை வெச்சுட்டு பாத்ரூம்ல போயி மூஞ்சி கழுவுவேன். அப்படி ஒரு வெசனம்.

அக்கா நேரா முதலாளி ரூமுக்குப் போனாங்க. கதவு தொறந்துதான் கெடந்துச்சு, அவங்க எந்தக் கதவையும் சாத்த மாட்டாங்க. எல்லாம் காதுல விழுந்துச்சு.

"கேக்கறவங்களுக்குக் குடுத்தாகணுங்க மாமா. அந்த வாக்குலதான் நாம எடுத்தோம்."

"அது நம்ம சொத்து கண்ணு."

"முக்கால்வாசி நம்முளுதே இல்லீங்க. இல்லாததைப் பூட்டி வெக்கறேன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

"கம்பெனி முழுகிப் போனாச் சரியா உனக்கு? உன்னை வளர்த்து விட்டதே நான்தான்."

"அதனாலதாங்க மாமா உங்ககிட்ட முதல்ல வந்து சொல்றேன்."

அடுத்த வாரம் அக்காவை வேலையை விட்டு எடுத்துட்டாரு. ஸ்க்ரூ டிரைவரையும் தண்ணி பாட்டிலையும் பையில போட்டுக்கிட்டு, போற வழியில அவரு ரூம் வாசல்ல நின்னாங்க. "வேலையில இருந்து எடுத்துட்டீங்க, சரிங்க மாமா. பங்குல இருந்து எடுக்க முடியாதுங்களே. புரட்டாசியில பார்க்கலாமுங்க."

குரல்கூட ஒசத்தல. 

கூட்டத்து நோட்டீசு வந்ததும் அக்கா எனக்குப் போன் பண்ணுனாங்க. வெளியாளுக்குப் புதுப் பங்கு குடுக்கணும்னா சும்மா ஆகாதாம். புதுப் பங்குன்னு வந்தா ஏற்கெனவே இருக்கற பங்குதாரங்களுக்குத்தான் முதல் உரிமை. அவங்களைத் தாண்டிக் குடுக்க, விழுற ஓட்டுல நாலுல மூணு பங்கு வேணும். முதலாளிகிட்ட பாதிக்கு மேல இருக்குது, முக்கால் இல்ல. முதலாளியோட கூடப்பொறந்த அக்காதான் சென்னிமலைப் பெரியம்மா. அவங்க பங்கும் நம்ம அக்கா பங்கும் சேர்ந்தா கால்வாசியைத் தாண்டிரும், அப்பத் தீர்மானம் தோத்துரும்.

"உங்களுக்குத்தான் எல்லா ஊடும் தெரியும். ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டர் எடுப்பீங்களா?"

எடுத்தேன். வேலை போனா போகட்டும்னு எடுத்தேன்.

பெருந்துறையில ஒரு அத்தை. எங்களைப் பார்த்ததும் பேனாவோட வந்துட்டாங்க. "எங்க போடணும்? ஸ்வீட்டு எங்க?"

"கையெழுத்து வேண்டாமுங்க. நோட்டீசைப் படிங்க"ன்னாங்க அக்கா.

"நீ சொன்னாச் சரிதான். இங்கிலீசு வேற. சும்மா குடு, போடறேன். எனக்குப் பதிலா நீ ஓட்டுப் போடறதுக்கு அதிகாரம் குடுக்கற தாளு ஏதாச்சும் இருந்தாக்கூடக் குடு."

இருந்துச்சு! அப்படி ஒரு தாளு பையிலேயே இருந்துச்சு! கையெழுத்து வாங்கினா அந்த ஓட்டு நம்ம பக்கம். இந்த அக்கா என்ன பண்ணுனாங்க? அதை வெளிய எடுக்கவே இல்ல. உக்காந்து, இங்கிலீசு நோட்டீசை வரி வரியாத் தமிழ்ல சொன்னாங்க. உங்க பேர்ல இத்தனை பங்கு இருக்குது, மாமா தீர்மானத்துல இந்த நல்லது இருக்குது, இந்தக் கெட்டது இருக்குது, ரெண்டையும் சொல்றேன், யோசிச்சுப்போட்டு நேர்ல வாங்கன்னாங்க.

வெளிய வந்ததும் நான் பிடிபிடின்னு பிடிச்சேன். "நல்லதை எதுக்குங்க்கா சொன்னீங்க? கைக்கு வந்ததை விட்டுட்டு வர்றீங்களே, பைத்தியமா உங்களுக்கு?"

"பார்க்காமப் போடற கையெழுத்து மாமாகிட்ட ஏற்கெனவே நெறைய இருக்குதுங்க. நமக்கும் அதே எதுக்கு?"

இந்த மாதிரி ஆளோட என்னத்தைப் பேசறது? சாவியைத் திருகி வண்டியைக் கெளப்புனேன்.

சென்னிமலைப் பெரியம்மா ஊட்டுல பவர்லூம் சத்தத்துக்குக் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்துச்சு. பெரியம்மா அவசரமே படல. தறியை நிறுத்தச் சொல்லிட்டு, நோட்டீசை மடியில வெச்சுக்கிட்டு, முழுசாக் கேட்டாங்க. கம்பெனிக்குப் பணம் போடறதுக்காகத் தன் பங்குத் தோட்டத்துல ஒரு துண்டை வித்தவங்க அவங்க.

"தம்பி கேட்டான், போட்டேன். என்னன்னு ஒருநாளும் கேக்கல. கேட்டா நம்பலைன்னு நெனைப்பானோன்னு"ன்னாங்க. அப்புறம் கையைக் காட்டுனாங்க, மூலையில எங்க கம்பெனி பொட்டி ஒண்ணு கழட்டிக் கெடந்துச்சு. "எனக்கே புதுசு வாங்கத்தான் சொன்னாங்க உங்க ஆபீசுல."

சொன்னது நான்தான். குரலை அடையாளம் கண்டுருவாங்களோன்னு நான் பேச்சுக் குடுக்காம பொட்டாட்டம் தண்ணி குடிச்சேன்.

"அவன் என் தம்பி. அவனுக்கு எதிரா நான் ஓட்டுப் போடுவேன்னு நெனைக்காதீங்க"ன்னு சொல்லி எங்களுக்குக் காப்பி குடுத்து அனுப்பிட்டாங்க. ஊத்துக்குளி தாண்டறதுக்குள்ள போச்சுன்னு நான் முடிவே பண்ணிட்டேன்.

கூட்டத்தன்னிக்குப் பத்தரை மணிக்கு ஆபீசு வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. பெருந்துறை அத்தை எறங்குனாங்க. அவிநாசிக்காரங்க எறங்குனாங்க. கல்யாணத்துக்கு வர்ற மாதிரி பட்டுச் சேலை, பூவு. கடைசியா சென்னிமலைப் பெரியம்மா, கையில ஒயர்க் கூடையோட. மீட்டிங் ரூம்ல நாற்காலி பத்தாம நான் எல்லா மேஜையில இருந்தும் இழுத்துக்கிட்டு வந்தேன்.

முதலாளி எந்திரிச்சு நின்னாரு. "ஏனுங்க, எல்லாரும் ஒட்டுக்கா வந்துருக்கீங்க, ஏதாச்சும் விசேசமா?"

பெருந்துறை அத்தை சொன்னாங்க: "லட்சுமி வரணும்னுதானே எங்க பேர்ல எழுதுனீங்க? வந்துட்டோமுங்க."

நான் வெளிய ஓடிப் போயிச் சிரிச்சுட்டு வந்தேன்.

ஆடிட்டர் தீர்மானத்தை இங்கிலீசுல வாசிச்சாரு. "தமிழ்ல சொல்லுங்க"ன்னாங்க அக்கா. தமிழ்ல சொன்னாரு. கை தூக்கச் சொன்னப்ப, வேணும்னு முதலாளியும், பங்கு வெச்சிருக்கற அவரு மகனும் தூக்குனாங்க. வேண்டாம்னு இந்தப் பக்கம் வளையல் சத்தத்தோட ஏகப்பட்ட கை. அப்ப ஆடிட்டர் எந்திரிச்சாரு. கைக் கணக்கு வேண்டாம், ஆளுக்கு எத்தனை பங்கோ அத்தனை ஓட்டுன்னு எண்ணணும்னாரு. அதுவும் சட்டந்தான். அக்காவே தலையாட்டுனாங்க.

பெரியம்மா அதுவரைக்கும் கையே தூக்கல. எல்லாரும் அவங்களைத்தான் பார்த்தாங்க. அவங்க கூடையில இருந்து அந்தச் செத்த பொட்டியை எடுத்துத் தம்பி முன்னாடி வெச்சாங்க.

"தம்பி, இதை எனக்குத் தொறந்து காட்டு."

"அக்கா, இதெல்லாம் உனக்குப் புரியாதுக்கா."

"புரியாம இத்தனை வருசம் உனக்குப் போட்டேன். கேட்டா நீ வருத்தப்படுவியோன்னு கேக்கல. இன்னிக்குக் கேக்கறேன். பொட்டி என்னுது. உள்ள இருக்கறதை எனக்குக் குடுக்க மாட்டேன்னு எவனுக்கோ எழுதிக் குடுக்கப் போறியா?"

அவரு மூஞ்சியைப் பார்க்க முடியல. பொட்டியை அவரு தொடவே இல்ல. ஓட்டுச் சீட்டு வந்துச்சு. பெரியம்மா கண்ணாடியை மாட்டி, ரெண்டு தடவை படிச்சு, வேண்டாம்னு போட்டாங்க. எண்ணுனாங்க. முக்கால் வரல. தீர்மானம் தோத்துப் போச்சு.

கம்பெனி ஒண்ணும் முழுகிப் போகல. புதுப் பங்கை இருக்கறவங்களுக்கே முதல்ல குடுத்தாங்க. தைரியமா முதல்ல வாங்குனது பெரியம்மா. மாசம் திரும்பறதுக்குள்ள கோடு பூராவும் எங்க வெப்சைட்டுல ஏறிருச்சு, யாரு வேணாலும் எடுத்துக்கலாம். அவிநாசி மெக்கானிக்குங்க பழைய பொட்டியெல்லாம் உசுரு குடுத்து ஓட்டுனாங்க. என் மேஜை போன்ல திட்டு கொறைஞ்சுது. இல்லைன்னு சொல்லாத ஒரு நாளு எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போயிருந்துச்சு.

ஆனா அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. பொம்பளைங்க எல்லாம் அக்காவைச் சுத்திக்கிட்டாங்க. "நீயே டைரக்டரா இரு கண்ணு. இனி நீ எங்க சொல்றயோ அங்க கையெழுத்துப் போட்டர்றோம்"ன்னாங்க.

அக்கா மூஞ்சி செவந்து போச்சு. மாமா வேலையை விட்டு எடுத்தப்பக்கூடச் சத்தம் போடாதவங்க, அப்பக் கத்துனாங்க. "அப்ப என்னங்க மாறுச்சு? மாமாவுக்குப் போட்டதை எனக்குப் போடறீங்க, அவ்வளவுதானே? எனக்கு வேண்டாமுங்க!" பையை எடுத்துக்கிட்டுப் படியில எறங்கிப் போயிட்டாங்க. பெருந்துறை அத்தைக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு அக்கா மேல அப்படி ஒரு கோவம். செயிச்ச நாள்ல ரெண்டு வார்த்தை நல்லபடியாப் பேசுனா என்னவாம்?

அதுக்கப்புறம் அவங்க ஆபீசுக்கு வரல. முதலாளி திரும்பக் கூப்பிட்டதாச் சொன்னாங்க, போகல. வேற ஊருல வேலைக்குப் போயிட்டாங்க.

அடுத்த புரட்டாசிக்கும் மைசூர்பாகு வந்துச்சு. பழக்கம் அம்புட்டுச் சீக்கிரம் போகுமா? கூடவே வருகைத் தாளும். நான் வாயைத் தொறக்காம எடுத்துக்கிட்டுச் சென்னிமலைக்குப் போனேன். பெரியம்மா பொட்டியைத் தொறந்தாங்க. ஒரு துண்டை எனக்குக் குடுத்தாங்க, ஒண்ணை அவங்க வாயில போட்டுக்கிட்டாங்க. தாளை என் பக்கமே தள்ளி விட்டாங்க.

"இது எதுக்கு அம்மணி? நேர்ல வாரேன். போன வருசம் நான் பேசுனதை எப்படி எழுதி வெச்சிருக்காங்கன்னும் பார்க்கணும். எத்தனை மணின்னு மட்டும் சொல்லு."

ஊட்டை விட்டு வெளிய வந்ததும், வண்டியை எடுக்கக்கூட இல்ல, வேலியோரம் நின்னுக்கிட்டே அக்காவுக்குப் போன் அடிச்சேன். மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். சொல்லறப்பவே அழுகாச்சி வந்துருச்சு எனக்கு.

 அந்தப் பக்கம் அவங்களும் அழுவாங்கன்னு நெனைச்சேன்.

"அம்மணி"ன்னாங்க.

"சொல்லுங்க்கா."

"நோட்டீசு சட்டப்படி கூட்டத்துக்கு முன்னாடி முழுசா இருபத்தியோரு நாளு இருக்கற மாதிரி போயிருக்குதுங்களா? சித்தெ பார்த்துச் சொல்லுங்க."